உமி ஃபேன் பேரிங் அடிக்கடி போகுது, வைப்ரேஷன் ரீடிங்க வச்சு காரணம் கண்டுபிடிக்க முடியுமா?

அம்பை அரவை:
எல்லாருக்கும் வணக்கம். அம்பாசமுத்திரம் பக்கத்துல ஒரு ரைஸ்மில்லுல மெயின்டனன்ஸ் பாக்கேன். உமி இழுக்குற ஃபேன் ஒண்ணு இருக்கு, மோட்டார் 20 ஹெச்பி, 1460 ஆர்பிஎம், வி-பெல்ட் டிரைவ், ஃபேன் ஷாஃப்ட்டுக்கு ரெண்டு பக்கமும் பிளம்மர் பிளாக் (பேரிங் உக்காந்துருக்குற ஹவுசிங்). இதுல புல்லி பக்கத்து பேரிங் மட்டும் திரும்பத் திரும்ப போகுது, புதுசு போடுதோம், கொஞ்ச நாள் நல்லா ஓடுது, பொறவு கிரீச்சுன்னு சத்தம், தொட முடியாத சூடு. பிசானப் போக நெல்லு வர ஆரம்பிச்சா ராத்திரி பகலா ஓட்டணும், அந்த நேரத்துல ஃபேன் நின்னா மொத்த அரவையும் நின்னுரும், நெல்லு ஏத்தின வண்டியெல்லாம் வெளிய காத்துக் கெடக்கும்.

பேனா மாதிரி ஒரு வைப்ரேஷன் மீட்டர் வாங்கி வச்சிருக்கோம். புல்லி பக்கத்து பேரிங்ல படுக்கை வாக்குல 11.4, நெட்டுக்குத்தா 2.9, ஷாஃப்ட் நீளவாக்குல 2.2 மி.மீ/செகண்ட் காட்டுது. பழைய ஃபைல்ல வெளிய இருந்து வந்தவங்க எடுத்த ரிப்போர்ட் ஒண்ணு கெடக்கு, அதுல இதே இடத்துல படுக்கை வாக்குல 3.2 தான். பேலன்சிங்கா, அலைன்மென்ட்டா, இல்ல பேரிங்கே டூப்ளிகேட்டா வருதா? ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுதாவ. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பேட்டை ஃபிட்டர்:
தம்பி, மொதல்ல ஒண்ணு கேக்கேன், கழட்டுன பழைய பேரிங் எங்க? ஆக்கர் கடைக்குப் போட்டுட்டியளா? கெடந்தா எடுத்து வெளி ரேஸ, அதான் வெளி வளையத்த, கட்டிங் வீல்ல அறுத்து உள்ள பாருங்க. பால் ஓடுன தடம் எந்தப் பக்கம் ஆழமா விழுந்துருக்குன்னு பாக்கணும். ஷாஃப்ட் சுத்துது, இழுவை ஒரே பக்கம் இருக்குன்னா உள் ரேஸ்ல முழு வட்டமா தடம் இருக்கும், வெளி ரேஸ்ல இழுவை விழுற பக்கம் மட்டும் இருக்கும். பேலன்ஸ் இல்லாம பாரம் ஷாஃப்ட்டோட சேந்து சுத்துச்சுன்னா அப்படியே தலைகீழ், வெளி ரேஸ்ல சுத்திவர தடம், உள் ரேஸ்ல ஒரு பக்கம் மட்டும். தடம் சாய்வா ஓடிருந்தா ஷாஃப்ட்டும் ஹவுசிங்கும் கோணலா உக்காந்துருக்கு. எதிரெதிரா ரெண்டு எடத்துல அமுங்கிருந்தா ஹவுசிங் நசுங்கி முட்டை வடிவமாயிருக்கு. செத்த பேரிங் சொல்லுத அளவுக்கு எந்த மீட்டரும் சொல்லாது, அத மட்டும் தூரப் போட்றாதிய.

தாழையூத்து ஸ்பெக்ட்ரம்:
அண்ணாச்சி சொன்னத அப்படியே வழிமொழியுறேன், அத கண்டிப்பா பாருங்க. நான் கண்டிஷன் மானிட்டரிங், அதாவது ஓடுற மிஷின அளந்து கோளாற முன்கூட்டியே கண்டுபிடிக்கிற வேலையில இருக்கேன், என் பக்கத்துல இருந்து சில கேள்வி.

15 கிலோவாட்டுல இருந்து 300 கிலோவாட் வரைக்கும் உள்ள மிஷினுக்கு ஐஎஸ்ஓ 10816-3ன்னு ஒரு அளவு இருந்துச்சு, இப்ப அதுக்குப் பதிலா 20816-3 வந்துருச்சு. உங்க ஃபேன் மாதிரி லேசான ஃப்ரேம் மேல நிக்கிறதுக்கு 2.3 வரைக்கும் புது மிஷின் அளவு, 4.5 வரைக்கும் தாராளமா ஓட்டலாம், 7.1 தாண்டினா சேதம் வரும். அப்ப 11.4 ரொம்ப மோசம். ஆனா அந்த டேபிள் மோசம்னு மட்டும்தான் சொல்லும், எதனாலன்னு சொல்லாது. காரணத்துக்கு நான் பாக்குறது வேற ரெண்டு விஷயம். ஒண்ணு, படுக்கை வாக்குல 11.4, நெட்டுக்குத்தா வெறும் 2.9, கிட்டத்தட்ட நாலு மடங்கு வித்தியாசம். வெறும் பேலன்ஸ் பிரச்சனைன்னா ரெண்டு திசையிலயும் ஓரளவு ஏறியிருக்கணும். ரெண்டாவது, 3.2 எடுத்த நாளுக்கும் இன்னிக்கும் நடுவுல அந்த ஃபேன்ல என்னென்ன மாத்துனீங்க? பேரிங் தவிர. ஒண்ணு விடாம சொல்லுங்க. ஃபேன் எத்தன ஆர்பிஎம்ல ஓடுது?

அம்பை அரவை:
அண்ணாச்சி, பழைய பேரிங் ஒண்ணு ஸ்டோர்ல கெடந்துச்சு, அறுத்துப் பாத்தேன். வெளி ரேஸ்ல ஒரே பக்கம்தான் தடம், மோட்டார் இருக்குற திசை, பெல்ட் இழுக்குற பக்கம். நல்லா ஆழமா உரிஞ்சு செதில் செதிலா வந்துருக்கு. உள் ரேஸ்ல முழு வட்டம்.

ஸ்பெக்ட்ரம் சார், மாத்துனதுன்னா... ஃபேன் புல்லி 10 இஞ்ச் இருந்துச்சு, சக்‌ஷன் பத்தலன்னு ஓனர் சொல்லி எனக்கு முந்தி இருந்தவங்க 9 இஞ்ச் போட்டாவ. மோட்டார் புல்லி 8 இஞ்ச், அத தொடல. பெல்ட் அடிக்கடி ஸ்லிப் ஆகும், ஆடவும் செய்யும், அதனால டைட்டா வச்சிருக்கோம். மோட்டார் ஆம்ப்ஸ் நேம் பிளேட்ட ஒட்டி நிக்கி.

தாழையூத்து ஸ்பெக்ட்ரம்:
இதத்தான் தேடுனேன். கணக்கு போட்டுப் பாப்போம், கொஞ்சம் நீளமா போகும், பொறுமையா படிங்க.

முன்னால ஃபேன் ஸ்பீடு 1460-ஐ 8-ஆல பெருக்கி 10-ஆல வகுத்தா 1168 ஆர்பிஎம், அதாவது செகண்டுக்கு 19.5 சுத்து. இப்ப 9-ஆல வகுத்தா 1298, செகண்டுக்கு 21.6. ஸ்பீடு ஏறுனது 11 சதவீதம்தான். ஃபேன்ல காத்தோட அளவு ஸ்பீடு ஏறுற அளவுக்குத்தான் ஏறும், ஆனா எடுக்குற பவர் ஸ்பீடோட மூணாவது படியில ஏறும், 1.11-ஐ மூணு தடவ பெருக்குனா 1.37. காத்து 11 சதவீதம் கூட கெடச்சதுக்கு மோட்டார் 37 சதவீதம் கூட உழைக்குது. ஆம்ப்ஸ் ஏறுனது அதனால, பெல்ட் ஸ்லிப் ஆகுறதும் அதனால, ஏன்னா அதே பெல்ட்டு இப்ப அவ்வளவு கூடுதல் பவர கடத்தணும், அதும் சின்ன புல்லியில. ஸ்லிப் ஆகுதுன்னு டைட் வச்சீங்க, அந்த இழுவை நேரா புல்லி பக்கத்து பேரிங் மேல. பால் பேரிங்ல லோடு கால் பங்கு ஏறுனா ஆயுசு பாதியாயிரும், அதுவும் மூணாவது படி கணக்குதான். அண்ணாச்சி பாக்கச் சொன்ன தடமும் அதே திசையத்தான் காட்டுது.

இப்ப வைப்ரேஷன். பேலன்ஸ் குறையால வர்ற விசை ஸ்பீடோட ரெண்டாம் படியில ஏறும், 23 சதவீதம் கூடும். மீட்டர் காட்டுறது வெலாசிட்டி, ஃப்ரேமோட சுய அதிர்வெண்ணுக்கு (தட்டி விட்டா அது தானா ஆடுற வேகத்துக்கு) ரொம்ப கீழ ஓடுற மிஷின்ல அது மூணாம் படியில ஏறும், அப்பவும் 3.2 ஏறி 4.4 ஆயிருக்கணும். 11.4 ஆகவே ஆகாது. அப்ப வேற ஏதோ ஒண்ணு இத பெருக்கிக் காட்டுது. என் சந்தேகம் ரெசொனன்ஸ் (ஒத்ததிர்வு), அந்த ஸ்டாண்டோட சுய அதிர்வெண் 22, 23 ஹெர்ட்ஸ் பக்கத்துல எங்கேயோ உக்காந்துருக்கு, புல்லி மாத்துனதுல ஃபேன் ஸ்பீடு அது கிட்ட போய் நிக்குது. படுக்கை வாக்குல மட்டும் ஏறி நெட்டுக்குத்தா சும்மா கெடக்குறதுக்கும் இதுதான் பொருந்துது, ஏன்னா ஸ்டாண்டு அந்த ஒரு திசையில மட்டும் மெலிசா இருக்கும்.

கேடிசி நகர் மாணவி:
சார், நான் மெக்கானிக்கல் ஃபைனல் இயர், பேரிங் ஃபால்ட் டிடெக்‌ஷன்தான் ப்ராஜெக்ட். ரெசொனன்ஸ்தான்னு சந்தேகம் வந்தா அத எப்படி நிச்சயம் பண்றது? பெரிய அனலைசர் இல்லாம, ஃபோன் வச்சு பண்ண முடியுமா? ஃபோன்ல அக்சிலரோமீட்டர் ஆப் இருக்கே.

தாழையூத்து ஸ்பெக்ட்ரம்:
நல்ல கேள்வி தங்கச்சி. இந்த ஒரு வேலைக்கு ஃபோன் போதும், எல்லா வேலைக்கும் போதாது, அந்தக் கோடு எங்க இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டா போதும்.

மிஷின நிப்பாட்டி, பெல்ட்ட மாட்டுன மாதிரியே வச்சுட்டு, பிளம்மர் பிளாக் மேல ஃபோன நல்லா டைட்டா டேப் போட்டு ஒட்டி, ஸ்டாண்ட படுக்கை வாக்குல மரச் சுத்தியலால ஒரு தட்டு தட்டணும். தட்டுனதும் அது தன்னோட சொந்த அதிர்வெண்ல ஆடி அடங்கும். நெல்லையப்பர் கோயில் இசைத்தூண தட்டுனா ஒவ்வொண்ணும் தன் சுருதிய சொல்லும்ல, அந்த விஷயமேதான் இது, அங்க காதுக்கு கேக்குது, இங்க 20 ஹெர்ட்ஸ் பக்கம்ங்கிறதால சென்சார் வேணும். பல தடவ தட்டி, ஒவ்வொரு தடவையும் ஒரே எடத்துல உச்சம் வருதான்னு பாருங்க.

ஃபோன் எவ்வளவு வேகமா சாம்பிள் எடுக்குதுன்னு கவனிக்கணும். நிறைய ஃபோன்ல செகண்டுக்கு 100, 200, மிஞ்சிப் போனா 400, 500 சாம்பிள். அதுல பாதி வரைக்கும்தான் அதிர்வெண் தெரியும், 200 சாம்பிள்னா 100 ஹெர்ட்ஸ். அதுக்கு மேல உள்ளது மடங்கி கீழ வந்து பொய்யான உச்சமா நிக்கும், அத நம்பி மோசம் போகக் கூடாது. ரெக்கார்டிங் நீளமும் முக்கியம், 10 செகண்ட் எடுத்தா 0.1 ஹெர்ட்ஸ் வித்தியாசம் வரை பிரிச்சுப் பாக்கலாம், 1 செகண்ட் எடுத்தா 1 ஹெர்ட்ஸ்தான். இந்த ஃபேன்ல 21.6-ல ஃபேன் உச்சமும் 24.3-ல மோட்டார் உச்சமும் பக்கத்து பக்கத்துல நிக்கும், சின்ன ரெக்கார்டிங்ல ரெண்டும் ஒண்ணா குழம்பிரும்.

பேரிங் ஃபால்ட்ட பொறுத்தவரைக்கும் ஃபோன மறந்துருங்க. 8 பால் உள்ள பேரிங்ல வெளி ரேஸ் அடிபட்டா தோராயமா 0.4 பெருக்கல் 8, சுத்துக்கு 3.2 தட்டு, இந்த ஸ்பீடுல 69 ஹெர்ட்ஸ். உள் ரேஸ்னா 0.6 பெருக்கல் 8, அதாவது 104 ஹெர்ட்ஸ். சரியான கணக்கு பேரிங் கேட்டலாக்குல இருக்கும், இது தேடுற எடத்த சொல்ற தோராயம். ஆனா ஆரம்பக் கட்டத்துல இந்த எடத்துல உச்சம் தெரியவே தெரியாது. ஒவ்வொரு தட்டும் பேரிங்கையும் ஹவுசிங்கையும் சில ஆயிரம் ஹெர்ட்ஸ்ல கிண்ணுனு ஒலிக்க வைக்குது, அந்த உயர் அதிர்வெண்ண எடுத்து அதோட ஏத்த இறக்கத்த மட்டும் பிரிச்சு பாக்குறதுக்குப் பேரு என்வலப் அனாலிசிஸ். அதுக்கு ஸ்டட் போட்டு இறுக்குன சென்சார் வேணும், நல்ல மேக்னட்டாவது வேணும். கையில கம்பி வச்சு அழுத்துனா 1000 ஹெர்ட்ஸ்க்கு மேல நம்ப முடியாது. இன்னொண்ணு, நம்ம ஊரு கரண்ட் 50 ஹெர்ட்ஸ், மோட்டார்ல 100 ஹெர்ட்ஸ்ல எப்பவும் ஒரு முனகல் இருக்கும், மேல சொன்ன 104-ம் இதும் பக்கத்துல பக்கத்துல வரும். சந்தேகம் வந்தா ஸ்விட்ச்ச ஆஃப் பண்ணுங்க, கரண்டால வந்தது அந்த நொடியே காணாம போகும், மெக்கானிக்கலா வந்தது ஸ்பீடு குறையக் குறையத்தான் குறையும்.

தென்காசி டெக்:
இதுக்கெல்லாம் இப்ப வயர்லெஸ் சென்சாரும் ஏஐயும் வந்துருச்சே, ஒட்டிட்டா அதுவே என்ன ஃபால்ட்டுன்னு சொல்லிரும். எதுக்கு சுத்தியல தூக்கிட்டு அலையணும்?

கேடிசி நகர் மாணவி:
நானும் அத நம்பித்தான் ப்ராஜெக்ட் எடுத்தேன். கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் யுனிவர்சிட்டி பேரிங் டேட்டா வச்சு டீப் லேர்னிங் மாடல், 99 சதவீதத்துக்கு மேல அக்யூரசி வருது. ஆனா இந்த இழைய படிக்கப் படிக்க ஒரு பயம் வருது, இத ஒரு ரைஸ்மில்லுல கொண்டு போய் வச்சா வேலை செய்யுமா?

தாழையூத்து ஸ்பெக்ட்ரம்:
தங்கச்சி, அந்த பயம் நியாயமானது, அத விட்றாத. அந்த டேட்டா எப்படி எடுத்தாங்கன்னு பாரு. 2 ஹெச்பி மோட்டார், டிரைவ் பக்கத்துல 6205 பேரிங், எலக்ட்ரிக் டிஸ்சார்ஜ் மிஷின்ல 0.007, 0.014, 0.021 இஞ்ச்னு துல்லியமா குழி போட்டது, ஸ்பீடு 1797-ல இருந்து 1730 வரை, சாம்பிள் செகண்டுக்கு 12000, 48000. நல்ல டேட்டா, படிக்கிறதுக்கு அருமையான டேட்டா. 6205-ல 9 பால், வெளி ரேஸ் சுத்துக்கு 3.585, உள் ரேஸ் 5.415, கணக்கு போட்டு நீயே என்வலப் ஸ்பெக்ட்ரத்துல தேடிப் பாக்கலாம். 2015-ல ஸ்மித், ராண்டல்னு ரெண்டு பேரு அந்த டேட்டா முழுசையும் ஒண்ணொண்ணா அலசி எழுதிருக்காங்க, எல்லா ரெக்கார்டும் பாடப்புத்தகத்துல வர்ற மாதிரி இல்ல, சிலதுல தெரிஞ்ச முறையில ஃபால்ட் தெரியவே இல்ல.

பிரச்சனை எங்கன்னா, ஒரே ரெக்கார்டிங்க துண்டு துண்டா வெட்டி பாதிய ட்ரெய்னிங்லயும் பாதிய டெஸ்ட்லயும் போட்டா, மாடல் ஃபால்ட்ட கத்துக்காது, அந்த ஒரு பேரிங்க அன்னிக்கு மாட்டுன விதத்த மனப்பாடம் பண்ணிரும். 99 வர்றது பெரும்பாலும் அதனாலதான். ஒரு லோடுல ட்ரெய்ன் பண்ணி வேற லோடுல டெஸ்ட் பண்ணு, ஒரு குழி அளவுல ட்ரெய்ன் பண்ணி இன்னொரு அளவுல பண்ணு, அப்ப வர்ற நம்பர ரிப்போர்ட்ல போடு, அது 70 ஆனாலும் போடு. சின்சினாட்டி யுனிவர்சிட்டியோட இன்னொரு டேட்டா இருக்கு, ஒரே ஷாஃப்ட்ல 4 பேரிங், 2000 ஆர்பிஎம், நல்ல நிலையில ஆரம்பிச்சு தானா கெட்டுப் போற வரைக்கும் ஓட்டுனது. அதையும் எடுத்துக்கோ, அதுலதான் ஒரு பேரிங் எப்படி கொஞ்சம் கொஞ்சமா கெடுதுன்னு பாக்கலாம்.

டெக் தம்பி, வயர்லெஸ் சென்சார நான் வேண்டாங்கல, ஏறி எடுக்க முடியாத எடத்துல அது பெரிய உதவி. ஆனா இந்த ஃபேன்ல அது என்ன சொல்லும்? 1 எக்ஸ், அதாவது சுத்துற வேகத்துலயே வர்ற அதிர்வு, ஏறிருக்கு, அன்பேலன்ஸ்னு சொல்லும். பேலன்சிங்குக்கு ஆள் கூப்பிடுவாங்க, ரெசொனன்ஸ் கிட்ட ஃபேஸ் (சுத்துல எந்தக் கோணத்துல அதிர்வு உச்சம் வருதுங்கிறது) நிலையா நிக்காது, வெயிட் வச்சா ஒரு நாள் குறையும் இன்னொரு நாள் ஏறும், காசு போயிரும். புல்லி 10-ல இருந்து 9 ஆனது எந்த சென்சாருக்கும் தெரியாது, மில்லுல உள்ளவங்களுக்குத்தான் தெரியும்.

பணகுடி காத்து:
காத்தாடி (காற்றாலை) மெயின்டனன்ஸ்ல இருக்கேன், பணகுடி முப்பந்தல் பக்கம். ஸ்பெக்ட்ரம் சார் சொல்லுதது எங்களுக்கும் அப்படியே பொருந்தும். எங்க பழைய 250 கிலோவாட் மிஷின்ல இறக்கை நிமிஷத்துக்கு சுமாரா 40 சுத்து, செகண்டுக்கு முக்கால் சுத்து கூட இல்ல. ஜெனரேட்டர் 6 போல், 1000-க்கு கொஞ்சம் மேல, 1012 மாதிரி ஓடும். நடுவுல கியர்பாக்ஸ். ஒரே டவர்ல இவ்வளவு மெதுவாவும் இவ்வளவு வேகமாவும் ஓடுறது இருந்தா ஒரே செட்டிங்ல ரீடிங் எடுத்து ஒண்ணும் தெரியாது. மெயின் ஷாஃப்ட் பேரிங்குக்கு ஒரு நிமிஷமாவது ரெக்கார்ட் பண்ணணும், அப்பதான் 40 சுத்து கெடைக்கும்.

கியருக்கு பல்லு எண்ணிக்கை தெரிஞ்சிருக்கணும். ஜெனரேட்டர் பக்கத்து பினியன்ல (சின்ன கியர்ல) 24 பல்லுன்னு வச்சுக்கிட்டா, அது செகண்டுக்கு 16.9 சுத்து, 24 பெருக்கல் 16.9, சுமார் 405 ஹெர்ட்ஸ்ல பல்லும் பல்லும் கடிக்கிற மெஷ் உச்சம் வரும். அது உசரமா இருக்கேன்னு பயப்படக் கூடாது, லோடு ஏறுனா ஏறத்தான் செய்யும். அதுக்கு ரெண்டு பக்கமும் 16.9, 16.9 தள்ளி குட்டி குட்டியா உச்சம் வளந்தா பினியன்ல கோளாறு. வேற இடைவெளியில வந்தா வேற ஷாஃப்ட். எங்க ஆளுங்களுக்கு சொல்லுதது ஒண்ணுதான், காத்து எவ்வளவு இருக்கோ, கிலோவாட் எவ்வளவு ஓடுதோ அத எழுதாம ரீடிங் எடுக்காதீங்க. வைகாசி ஆனியில ஆரம்பிச்சு ஆடிக் காத்துல ஃபுல் லோடுல எடுத்த ரீடிங்கையும் மார்கழியில சும்மா சுத்தும்போது எடுத்ததையும் ஒண்ணா வச்சுப் பாத்தா கியர்பாக்ஸ் குணமாயிட்ட மாதிரி தெரியும். சீசன் முடிஞ்சு கிரேன் வந்து கழட்டணும்னா அந்த முடிவ சீசன்லயே எடுத்த டேட்டாதான் சொல்லணும்.

பாளை சிவில்:
குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும், நான் ஸ்ட்ரக்சுரல் என்ஜினியர். மிஷின் ஆளுங்க பேசுறத கேட்டா பொறாமையா இருக்கு, உங்களுக்கு சுத்துற வேகம்னு ஒரு அடையாளம் இருக்கு, எங்களுக்கு பாலத்துல அது கிடையாது. ஆனா தட்டிப் பாக்குற தத்துவம் ஒண்ணுதான், விறைப்பு குறைஞ்சா சுய அதிர்வெண் குறையும். சிக்கல் என்னன்னா அது வர்க்கமூலத்துல போகுது, விறைப்பு 10 சதவீதம் குறைஞ்சாலும் அதிர்வெண் 5 சதவீதம்தான் குறையும். வெயிலும் மழையுமே பல பாலத்துல அந்த அளவுக்கு மாத்திரும்.

சுவிட்சர்லாந்துல இசட்24னு ஒரு பாலம், 1998-ல இடிக்கப் போறாங்கன்னு தெரிஞ்சு, அதுக்கு முன்னால ஏறக்குறைய ஒரு வருஷம் சென்சார் வச்சு கவனிச்சாங்க, அப்புறம் வேணும்னே தூண இறக்கி, கம்பிகள அறுத்து சேதப்படுத்திப் பாத்தாங்க. குளிர்ல தார் ரோடு உறைஞ்சு விறைச்சதுக்கே அதிர்வெண் நல்லா ஏறிருச்சு, அந்த ஏத்த இறக்கத்த கழிச்சாத்தான் சேதம் தெரியும். அமெரிக்காவுல நியூ மெக்சிகோவுல ஐ-40 பாலத்துல 1993-ல இரும்பு கர்டர படிப்படியா அறுத்தாங்க, கடைசி வெட்டு வரைக்கும் அதிர்வெண் கிட்டத்தட்ட அசையவே இல்ல. அதனால ஒரு நாள் போய் ஒரு சென்சார வச்சுட்டு பாலம் நல்லாருக்கு நல்லால்லன்னு சொல்றவங்கள நான் நம்ப மாட்டேன்.

கேடிசி நகர் மாணவி:
அக்கா, அப்ப நம்ம தாமிரபரணி மேல சுலோசன முதலியார் பாலம் மாதிரி பழைய பாலத்துக்கு இது பிரயோஜனமே இல்லையா?

பாளை சிவில்:
இல்லம்மா, அப்படி சொல்லல. எத தேடுறோம்ங்கிறதுதான் விஷயம். 1843-ல கட்டுன கல் வளைவுப் பாலம் ரொம்ப விறைப்பு, வளைவுல ஒரு சின்ன விரிசல அதிர்வெண் மாத்தத்த வச்சு பிடிக்கிறது கஷ்டம், அத கண்ணால பாத்து, தட்டிப் பாத்துதான் பிடிக்கணும். ஆனா ஆத்துல வெள்ளம் வந்து தூணுக்கு அடியில மண்ண அரிச்சா, தூண் பிடிமானம் போகுது, அது அதிர்வெண்ல நல்லாவே தெரியுற மாத்தம். 2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை பெஞ்சப்ப தாமிரபரணி எப்படி வந்துச்சுன்னு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அந்த மாதிரி வெள்ளத்துக்கு முன்னாடி எடுத்த ரெக்கார்ட் கையில இருந்தா, வெள்ளம் வடிஞ்சதும் மறுபடி எடுத்து எந்த தூண்ல முதல்ல ஆள இறக்கி பாக்கணும்னு சொல்ல முடியும். நம்ம மாவட்டத்துல ஆத்து மேல உள்ள ஒவ்வொரு பாலத்துக்கும் கோடையில ஒரு ரெக்கார்ட் எடுத்து வைக்கணும்னு நான் ரொம்ப நாளா நினைக்கிறேன். கார் பிசானம்னு ரெண்டு போக நெல்லும் இந்த பாலங்க மேலதானே போகுது.

தாழையூத்து ஸ்பெக்ட்ரம்:
அக்கா சொன்ன முன்னாடி எடுத்த ரெக்கார்ட்னு ஒண்ணுதான் எல்லாத்துக்கும் ஆதாரம். ரஷ்யாவுல சயானோ-சுஷென்ஸ்கயா நீர் மின் நிலையத்துல 2009 ஆகஸ்ட் 17, இரண்டாவது டர்பைனோட மேல் மூடிய பிடிச்சிருந்த போல்ட்டெல்லாம் அத்துப் போயி மொத்த யூனிட்டும் தூக்கி எறியப்பட்டுச்சு, 75 பேர் செத்தாங்க. போல்ட்டுகள்ல உலோகம் களைச்சு விரிசல் விட்டிருந்தது அப்புறம்தான் தெரிஞ்சுது. ஆனா டர்பைன் பேரிங்ல வைப்ரேஷன் அதுக்கு முன்னாடியே ஏறிக்கிட்டு இருந்துச்சு, ரீடிங் இருந்துச்சு, மிஷின நிப்பாட்டல. இத படிச்சதுல இருந்து ஏறுற கிராஃப பாத்துட்டு யாராவது அடுத்த வாரம் பாக்கலாம்னு சொன்னா எனக்கு மனசு ஒப்பாது.

அம்பை அரவை:
ஞாயித்துக்கிழமை மில் நின்னுச்சு, தட்டிப் பாத்தோம். படுக்கை வாக்குல ஒவ்வொரு தட்டுக்கும் 22.5 பக்கத்துலயே உச்சம் வருது, நெட்டுக்குத்தா தட்டுனா அந்த எடத்துல ஒண்ணுமே இல்ல. ஸ்பெக்ட்ரம் சார் சொன்ன மாதிரியேதான். ஃபேன் 21.6-ல ஓடுது. இப்ப என்ன செய்யணும்? பழைய புல்லிய மாட்டிரவா, ஸ்டாண்ட கட்டவா?

தாழையூத்து ஸ்பெக்ட்ரம்:
ரெண்டும் வழிதான். ஓடுற ஸ்பீடும் சுய அதிர்வெண்ணும் குறைஞ்சது 20 சதவீதமாவது தள்ளி இருக்கணும். பழைய புல்லி போட்டாலும் 19.5-க்கும் 22.5-க்கும் நடுவுல வெறும் 13 சதவீதம்தான் வருது, அதனால ஸ்டாண்ட எப்படியும் கட்டணும். 22.5-ஐ 30-க்கு கொண்டு போகணும்னா விறைப்பு 1.8 மடங்கு ஆகணும், படுக்கை வாக்குல குறுக்க ஆங்கிள் போட்டு எக்ஸ் மாதிரி பிரேஸ் பண்ணா அது வந்துரும். தகடு தகடா கனத்த மட்டும் ஏத்தாதீங்க, கனம் ஏறுனா அதிர்வெண் கீழ இறங்கும்.

வெல்டிங் வைக்கும்போது எர்த் கிளாம்ப வெல்டு வைக்கிற எடத்துக்கு ஒட்டியே மாட்டுங்க, ஃபேன் பாடியிலயோ புல்லியிலயோ மாட்டினா கரண்ட் பேரிங் வழியா போய் ரேஸ்ல பொறி விழும், புது பேரிங் அன்னிக்கே பாழ்.

பேட்டை ஃபிட்டர்:
தம்பி, இன்னொண்ணு யாரும் கேக்கல. சக்‌ஷன் ஏன் குறைஞ்சுச்சு? முன்னால 10 இஞ்ச் புல்லியில வருஷக்கணக்கா போதுமா இருந்த காத்து திடீர்னு ஏன் பத்தாம போச்சு? உமியில சிலிக்கா உண்டு, அது டக்ட் வளைவ அரம் வச்சு ராவுன மாதிரி தின்னுரும். எல்போவோட வெளி வளைவுல கை வச்சுப் பாருங்க. காத்துல இருந்து உமிய பிரிக்கிற சைக்ளோன் அடியில அடைச்சிருக்கான்னும் பாருங்க. இம்பெல்லர் (ஃபேனோட சுத்துற இறக்கை) தகடும் அதே மாதிரி தேஞ்சிருக்கும், அதும் ஒரு பக்கம் கூட தேஞ்சா பேலன்ஸ் போகும்.

பெல்ட்டு டென்ஷனுக்கு கை அழுத்தத்த நம்பாதிய. ரெண்டு புல்லிக்கும் நடுவுல உள்ள நீளத்துல ஒரு மீட்டருக்கு 16 மில்லிமீட்டர் அமுங்கணும், அதுக்கு எவ்வளவு விசைன்னு பெல்ட்டு கம்பெனி சார்ட்ல போட்டிருப்பாவ, ஸ்பிரிங் தராசு வச்சு இழுத்துப் பாக்கலாம். மாத்துனா எல்லா பெல்ட்டையும் ஒரே செட்டா மாத்தணும், ஒண்ணு புதுசு ஒண்ணு பழசுன்னா புதுசு மட்டும்தான் இழுக்கும். பேரிங் அடிக்கும்போது ஷாஃப்ட்ல டைட்டா ஏறுறது உள் ரேஸுன்னா உள் ரேஸ்ல மட்டும்தான் அடி விழணும், வெளி ரேஸ்ல அடிச்சா பால் வழியா போய் ரேஸ்ல பள்ளம் விழுந்துரும்.

அம்பை அரவை:
அண்ணாச்சி, நீங்க சொன்னது அப்படியே. சைக்ளோனுக்கு போற எல்போ வெளி வளைவுல உள்ளங்கை அளவுக்கு ஓட்டை, உமி படிஞ்சு மூடுனதால வெளிய தெரியல, காத்து பூரா அங்கன இருந்துதான் இழுத்துக்கிட்டு இருந்துருக்கு. எல்போவ மாத்தி கனமான தகடு போட்டாச்சு. ஸ்டாண்டுல குறுக்க ஆங்கிள் போட்டாச்சு, எர்த்த பக்கத்துலயே மாட்டுனோம். இம்பெல்லர்ல ஒட்டிக் கெடந்த தூசிய சுரண்டி எடுத்தோம். பெல்ட் புது செட், தராசு வச்சு டென்ஷன் பாத்தோம். தட்டிப் பாத்தா இப்ப 30 பக்கத்துல வருது. 9 இஞ்ச் புல்லியிலயே ஓட்டுனா படுக்கை வாக்குல 1.9. ஓட்டை அடைச்சதால சக்‌ஷன் தாராளமா இருக்கு, அதனால ஓனர்ட்ட பேசி 10 இஞ்ச் புல்லிக்கே திரும்பப் போறோம், கரண்ட் பில்லுலயும் மிச்சம்னு அவங்களுக்கும் சந்தோஷம்.

தாழையூத்து ஸ்பெக்ட்ரம்:
ரொம்ப சந்தோஷம். 10 இஞ்ச் மாட்டுன அன்னிக்கே, லோடு ஏத்தி ஒரு மணி நேரம் ஓடுனதுக்கப்புறம், ரெண்டு பேரிங்கலயும் மூணு திசையிலயும் எடுத்து எழுதி வைங்க, ஆம்ப்ஸும் பேரிங் சூடும் சேத்து. மீட்டர் வைக்கிற எடத்துல பெயின்ட்ல ஒரு புள்ளி வைங்க, யார் எடுத்தாலும் அங்கேயே வைக்கணும். மத்த ஃபேன், எலிவேட்டர், பாலிஷர் எல்லாத்துக்கும் பிசானம் வரத்துக்கு முன்னாடி இதே மாதிரி ஒரு ரவுண்டு எடுத்துருங்க.

கேடிசி நகர் மாணவி:
அண்ணே, அந்த ரவுண்டு எடுக்கும்போது நானும் என் டீமும் வரலாமா? எங்க லேப்ல செகண்டுக்கு 3200 சாம்பிள் எடுக்குற ஏடிஎக்ஸ்எல் 345 சென்சார் இருக்கு, மேக்னட் வச்சு மாட்டிக்கிடுவோம். பேரிங் என்வலப்புக்கு அது பத்தாதுன்னு தெரியும், 1 எக்ஸும் ரெசொனன்ஸும் பெல்ட்டும் பாக்கலாம். அப்புறம் அந்த அறுத்த பேரிங்க எங்களுக்கு தர முடியுமா?

அம்பை அரவை:
தாராளமா வாங்கம்மா, ஓனர்ட்ட சொல்லி வைக்கேன். ஷூ போட்டுட்டு வாங்க, தாவணி துப்பட்டா எதுவும் தொங்கக் கூடாது, பெல்ட்டு கார்டு கழட்டுன நேரம் யாரும் கிட்ட வரக் கூடாது. பேரிங்க எடுத்து வச்சிருக்கேன், அண்ணாச்சி சொன்ன தடம் அதுல நல்லா தெரியும்.